மசோதாவின் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது? அரசு சொல்லும் காரணத்தை நாம் வாசிக்க வேண்டிய காரணம்

சட்டப்பேரவையில் ஒரு மசோதா தாக்கல் ஆகிறது. அன்று மாலையே தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். இரவுக்குள் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் "நமக்கு எதிரான சட்டம்" என்றோ "நமக்குக் கிடைத்த வெற்றி" என்றோ செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போதும் அதே பேச்சு. இத்தனைக்கும் நடுவில் அந்த மசோதாவைக் கையில் எடுத்து வாசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பெரும்பாலான திருத்த மசோதாக்கள் சில பக்கங்களில் முடிந்துவிடுபவை. அதன் இறுதியில், பிரிவுகள் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு சிறு பகுதி இருக்கும். தமிழ்நாடு சட்டப்பேரவை ஆவணங்களில் அதற்கு 'நோக்க காரண விளக்கவுரை' என்று பெயர். இந்தச் சட்டம் ஏன் தேவைப்படுகிறது, இப்போதுள்ள சட்டத்தில் என்ன குறை, யார் கேட்டதால் இந்த மாற்றம் வருகிறது என்பதையெல்லாம் அரசே தன் வாயால் சொல்லும் இடம் அது. கீழே துறை அமைச்சரின் பெயர் இருக்கும். செய்தி வந்தால் விசாரித்து அறியச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. சட்டம் பற்றிய செய்தியில் அந்த விசாரணையைத் தொடங்க வேண்டிய இடம் இந்தப் பக்கம்தான் என்பது நமது கருத்து.

யார் எழுதுகிறார்கள்?

மசோதாவுடன் காரண விளக்கம் இணைக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. சட்டப்பேரவைகள் தமக்கான நடைமுறை விதிகளைத் தாமே வகுத்துக்கொள்ள 208-வது பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த விதிகளின்படிதான் இது மசோதாவுடன் வருகிறது. தனி உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவந்தாலும் அவரும் காரணம் எழுதித்தான் தர வேண்டும்.

அமைச்சர் பெயரில் வந்தாலும் அமைச்சர் உட்கார்ந்து எழுதுவதில்லை. சம்பந்தப்பட்ட துறை தயாரிக்கும், சட்டத்துறை சரிபார்க்கும். அதனால் நடை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். முதலில் இப்போதுள்ள சட்டம் என்ன சொல்கிறது என்பது, பிறகு அரசின் கவனத்துக்கு வந்த பிரச்சினை, பிறகு "ஆகவே அரசு முடிவு செய்துள்ளது" என்கிற வகை வாக்கியம், கடைசியில் அந்த முடிவுக்குச் செயல்வடிவம் கொடுக்கவே இந்தச் சட்டமுன்வடிவு என்று ஒரு வரி. வாசிக்க உற்சாகம் தரும் எழுத்து அல்ல. ஆனால் நடுவில் இருக்கும் அந்தப் 'பிரச்சினை' பத்தியில்தான் விஷயம் இருக்கிறது.

சமீபத்திய உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்தில் திருத்தம் செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. '12 மணி நேர வேலை மசோதா' என்று எல்லோரும் பேசியது இதைத்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் குடும்பங்களையும் நேரடியாகத் தொடக்கூடிய மசோதா. அதன் காரண விளக்கத்தில், வேலை நேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்று தொழில் நிறுவனங்களிடமிருந்தும் தொழில் அமைப்புகளிடமிருந்தும் கோரிக்கைகள் வந்தன என்றும், அது தொழிலாளருக்கும் குறிப்பாகப் பெண்களுக்கும் நன்மை என அவை தெரிவித்தன என்றும் இருந்தது. கேட்டவர்கள் முதலாளிகள், நன்மை பெறுவதாகச் சொல்லப்பட்டவர்கள் தொழிலாளர்கள். அந்த ஒரு வரியே எதிர்த்தவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பிரிவுக்குள் போய்ப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. காரணம் 'நெகிழ்வு' என்று மென்மையாகச் சொல்கிறது. பிரிவோ, வார வேலை நேரம், வாராந்திர விடுமுறை, தினசரி நேர வரம்பு, இடைவேளை, மிகைநேர ஊதியம் ஆகியவை பற்றிய விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தையே அரசுக்குத் தந்தது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில், ஏப்ரல் 24 அன்று, மசோதா நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பேரவையில் நிறைவேறிய பிறகும் ஒரு மசோதாவை நிறுத்த முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எதிர்த்தவர்கள் மசோதாவை வாசித்திருந்தார்கள்.

நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கிறது?

இதில் நம் சமுதாயத்துக்கு நேரடியான பாடம் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆரம்ப ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இந்தக் காரண விளக்கத்துக்குப் பெரிய இடம் தரவில்லை. 1952-ல் அஸ்வினி குமார் கோஷ் வழக்கில், மசோதாவைக் கொண்டுவந்தவரைத் தூண்டிய காரணம் என்ன என்பதை மட்டுமே இது சொல்கிறது. அதை நிறைவேற்றிய பெரும்பான்மை உறுப்பினர்களின் மனதில் அதே காரணம் இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டது. நியாயமான கேள்வி. மசோதா பேரவையில் மாறவும் கூடும், காரண விளக்கம் மாறாது. ஆகவே ஒரு பிரிவின் சொற்களுக்குப் பொருள் காண இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது நிலையானது. அடுத்த ஆண்டே மேற்கு வங்க அரசுக்கும் சுபோத் கோபால் போஸுக்கும் இடையிலான வழக்கில் நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் ஒரு சிறு கதவைத் திறந்தார். பொருள் காண்பதற்கு அல்ல, சட்டம் வந்த காலத்தில் நிலைமை என்னவாக இருந்தது, எந்தத் தீமையைப் போக்க அது வந்தது என்பதை அறிவதற்கு மட்டும் பார்க்கலாம் என்றார்.

அந்தச் சிறு கதவு பிற்பாடு எவ்வளவு அகலமானது என்பதைக் குறைஷி சமூகத்தாரின் வழக்குகள் காட்டுகின்றன. கால்நடை அறுப்பையும் இறைச்சி வணிகத்தையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். 1958-ல் முஹம்மது ஹனீஃப் குறைஷி வழக்கில் பீகார், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம் ஆகிய மாநிலங்களின் தடைச் சட்டங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அதே எஸ்.ஆர்.தாஸ் அப்போது தலைமை நீதிபதி. பசுவையும் கன்றையும் அறுப்பதற்கு முழுத்தடை செல்லும். ஆனால் உழைக்கவோ இனப்பெருக்கத்துக்கோ பயன்படாமல் போன காளைகளையும் எருதுகளையும் அறுக்க முழுத்தடை விதிப்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்று தீர்ப்பு வந்தது. உழைக்காத மாடு தீவனத்தில் பங்கு கேட்கும், அது மற்ற மாடுகளுக்கும் சுமை என்பது அதன் அடிப்படை வாதங்களில் ஒன்று. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் குறைஷிகளின் தொழிலுக்குச் சட்டரீதியான அரண் இந்தத் தீர்ப்புதான்.

1994-ல் குஜராத் அரசு தன் சட்டத்தைத் திருத்தியது. எந்த வயதுக் காளையையும் எருதையும் அறுக்கக் கூடாது என்றது. அந்த மசோதாவின் காரண விளக்கத்தில் வழக்கமான வாசகங்களுடன் ஒரு புதிய வாதமும் இருந்தது. சாண எரிவாயுக் கலன்கள் பரவிவருகின்றன; வேலை செய்ய முடியாத மாடும் எரிபொருளுக்கும் உரத்துக்கும் எரிவாயுவுக்கும் சாணம் தருகிறது; ஆகவே அதைப் பயனற்றது என்று சொல்ல முடியாது என்பது அந்த வாதத்தின் சாரம். 1958 தீர்ப்பின் அடித்தளம் 'பயனற்ற மாடு' என்ற ஒரு சொல்லில் நின்றது அல்லவா? காரண விளக்கத்தை எழுதியவர்கள் அந்தச் சொல்லையே குறிவைத்து எழுதியிருந்தார்கள்.

குஜராத் உயர் நீதிமன்றம் 1998-ல் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. குஜராத் அரசுக்கும் மிர்சாபூர் மோத்தி குறைஷி கஸாப் ஜமாஅத்துக்கும் இடையிலான அந்த வழக்கில் 2005 அக்டோபர் 26 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆறு பேர் சட்டம் செல்லும் என்றார்கள், ஒருவர் மாறுபட்டார். முகவுரையிலும் காரண விளக்கத்திலும் சொல்லப்படும் உண்மைகள் சட்டமன்றத்தின் தீர்மானத்துக்குச் சான்று. அடிப்படை உரிமை மீதான கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது அவற்றையும் கணக்கில் எடுப்போம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. அரசு அதிகாரிகளின் பிரமாணப் பத்திரங்களும், அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகளும் இந்த முடிவுக்கு வலுச் சேர்த்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரண விளக்கம் மட்டுமே வழக்கைத் தீர்மானிக்கவில்லை. ஆனாலும் 1994-ல் ஒரு மசோதாவின் இறுதியில் அச்சான சாணத்தைப் பற்றிய பத்தி, 11 ஆண்டுகள் கழித்து பல்லாயிரம் குடும்பங்களின் தொழிலை அளக்கும் படிக்கல்லில் ஒன்றானது.

தீர்ப்பு சரியா தவறா என்பதில் நமக்குக் கருத்து இருக்கிறது. மாறுபட்ட நீதிபதியின் பக்கமே நம் மனம் சாய்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். காரண விளக்கத்தில் எழுதப்படும் உண்மைகளை மறுக்க வேண்டுமானால், அவை எழுதப்பட்ட அன்றே மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். பத்தாண்டு கழித்து மனு போடும்போது புள்ளிவிவரம் தேடி ஓடுவதில் பயன் குறைவு.

காரணம் வலுவாக இருந்தால்

இதுவரை சொன்னதைக் கேட்டு, காரண விளக்கம் என்பதே நமக்கு எதிரான ஆயுதம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் பிள்ளைகளின் கல்லூரி இடங்களைக் காத்து நிற்பதும் இதே போன்ற காரணங்கள்தாம்.

2007-ல் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதமும் பிற்படுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு 3.5 சதவீதமும் தனி இடஒதுக்கீடு தந்தது. முதலில் செப்டம்பரில் அவசரச் சட்டம், பிறகு பேரவையில் சட்டம். இது வெறும் தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றும் சட்டமாக வரவில்லை. நீதிபதி எம்.எஸ்.ஜனார்த்தனம் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் பரிந்துரை பின்னால் இருந்தது. பயன்பெறுவோரும் 'முஸ்லிம்கள் அனைவரும்' அல்லர். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி முஸ்லிம், துதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையது, அன்சார் என்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஏற்கெனவே இருந்த பிரிவினர். மதத்தின் அடிப்படையில் கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பதில். அடுத்த ஆண்டில் கிறிஸ்தவ சமூகத் தலைவர்கள், தனி ஒதுக்கீட்டால் தமக்கு இடங்கள் குறைகின்றன என்று கூறி விலக்கக் கேட்டபோது அவர்களுக்கான ஒதுக்கீடு நீக்கப்பட்டது. நம்முடையது நிற்கிறது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2005-ல் முஸ்லிம்கள் அனைவருக்கும் 5 சதவீதம் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2007-ல் மீண்டும் ஆய்வு நடத்தி, பின்தங்கிய 14 பிரிவுகளை மட்டும் பட்டியலிட்டு 4 சதவீதம் தந்தார்கள். அதையும் 2010-ல் உயர் நீதிமன்றம், ஆய்வு முறை சரியில்லை என்று பெரும்பான்மையாக ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் அந்த ஒதுக்கீடு மூச்சு விட்டது.

தரவு இல்லாத காரணம் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீதத்துக்குள் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா பேரவையில் நிறைவேறியது. நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உள் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. இந்த ஒரு பிரிவைத் தனியாகப் பிரிப்பதற்குப் போதுமான, இக்காலத்திய தரவு இல்லை என்றது. அரசு காட்டிய புள்ளிவிவரம் 1980-களின் ஆணையத்தைத் தொட்டு நின்றது.

நம் 3.5 சதவீதத்தை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை நம் மேடைகளில் ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. கோரிக்கை நியாயமானதே. அதனுடன் மாவட்டவாரியாக நம் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எந்த வகுப்போடு நிற்கிறார்கள், அரசுப் பணியில் எத்தனை பேர் என்ற கணக்கையும் ஆணையத்தின் கையில் தர வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் வரும் சட்டம் கைத்தட்டலோடு வந்து நீதிமன்றத்தில் போய் நிற்கும்.

காரணம் ஒன்று, பிரிவு இன்னொன்று

காரண விளக்கத்தை வாசிப்பதில் மிகப் பயனுள்ள பழக்கம் ஒன்று உண்டு. காரணம் எவ்வளவு அகலம், பிரிவு எவ்வளவு அகலம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வற்புறுத்தியும் ஆசைகாட்டியும் ஏமாற்றியும் மதமாற்றம் நடப்பதாக அரசுக்குத் தகவல்கள் வந்துள்ளன என்பதே சொல்லப்பட்ட காரணம். எத்தனை தகவல்கள், எந்த மாவட்டத்தில், எத்தனை வழக்குகள் என்று ஒன்றும் இல்லை. 'தகவல்கள்' என்ற ஒற்றைச் சொல்தான். பிரிவுகளோ அந்தக் காரணத்தோடு நிற்கவில்லை. வற்புறுத்தல் எதுவும் இல்லாத மதமாற்றமாக இருந்தாலும், அதற்கான சடங்கை நடத்துபவரும் அதில் பங்கெடுப்பவரும் மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை என்றது சட்டம். தானாக விரும்பிக் கலிமா சொல்ல வரும் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆலிம் ஏன் கலெக்டர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும்? காரண விளக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. சிறுபான்மையினரும் தலித் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தனர். 2004 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பிறகு, அதைக் கொண்டுவந்த அரசே அதை விலக்கிக்கொண்டது.

இதற்கு நேர்மாறான அனுபவம் 2009-ன் திருமணப் பதிவுச் சட்டம். அது வந்தபோது நம்மில் பலர் ஷரீஅத்தில் கைவைக்கும் முயற்சியாகவே பார்த்தார்கள். ஆனால் பின்னணியில் இருந்தது 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சீமா வழக்கில் பிறப்பித்த உத்தரவு. எந்த மதத்தினராக இருந்தாலும் எல்லாத் திருமணங்களும் பதிவாக வேண்டும், மாநிலங்கள் அதற்கு வகை செய்ய வேண்டும் என்றது அந்த உத்தரவு. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது, கைவிடப்பட்ட மனைவி ஜீவனாம்சம் கேட்கச் சான்று கிடைப்பது, விதவைக்கு வாரிசுரிமை கிடைப்பது என்பவை அங்கே சொல்லப்பட்ட பயன்கள். பதிவு மட்டுமே திருமணம் செல்லும் என்பதற்கு முடிவான சான்று ஆகாது, ஆனால் சாட்சியமாக அதற்குப் பெரும் மதிப்பு உண்டு என்றும் நீதிமன்றம் விளக்கியது.

இந்தக் காரணங்களில் நாம் எதிர்க்க வேண்டியது எதுவும் இல்லை. கடனையே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கம், நிக்காஹ்வை எழுதி வைப்பதை மறுக்குமா? ஜமாஅத்துகளின் உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. நிக்காஹ் தஃப்தரில் பதிவானாலும் அரசுப் பதிவும் தனியாகச் செய்தே ஆக வேண்டும் என்றது சட்டம். தலைமுறைகளாக ஒழுங்காகப் பராமரிக்கப்படும் பதிவேட்டுக்கு அதனால் சட்ட மதிப்பு குறைந்தது. காரணம் சரி, வழிமுறையில் ஜமாஅத் பதிவேட்டுக்கும் இடம் கொடுங்கள் என்று அன்று ஒருமித்துக் கேட்டிருந்தால் பேச்சுவார்த்தை வேறு மாதிரி போயிருக்கக் கூடும். "ஷரீஅத்துக்கு எதிர்" என்ற ஒரே முழக்கத்தில் அந்த நுட்பமான கோரிக்கை அமுங்கிப்போனது என்பது நம் கணிப்பு. (பதிவு செய்யாமல் விட்டவர்கள் கவனத்துக்கு: திருமண நாளிலிருந்து 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம்.)

அஸ்ஸாமில் 2024-ல் நடந்ததை இதனுடன் ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே 1935 முதல் இருந்த முஸ்லிம் திருமண, மணவிலக்குப் பதிவுச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். 21 வயது நிரம்பாத ஆணுக்கும் 18 வயது நிரம்பாத பெண்ணுக்கும் பதிவு செய்ய அதில் இடம் இருக்கிறது, கண்காணிப்பும் இல்லை என்று காரணம் சொன்னார்கள். குறை உண்மையாகவே இருக்கலாம். வயது வரம்பைச் சேர்த்து ஒரு திருத்தம் கொண்டுவந்தாலே அந்தக் குறை நீங்கியிருக்கும். முழுச் சட்டத்தையும் நீக்கி, காஜிகளின் பங்கை எடுத்துவிட்டு, அரசு அதிகாரியிடம் பதிவு செய்யும் புதிய சட்டத்தை அதே ஆகஸ்ட் மாதத்தில் நிறைவேற்றினார்கள். சொன்ன காரணத்துக்குத் திருத்தம் போதாதா என்று கேட்பதே இங்கே வலுவான கேள்வி. "குழந்தைத் திருமணத்தை ஆதரிக்கிறீர்களா?" என்று நம் மீது வீசப்படும் எதிர்க்கேள்வியும் அதன் முன் நிற்காது.

எங்கே கிடைக்கும், எப்போது பார்ப்பது?

மசோதாக்கள் தாக்கல் ஆனதும் சட்டப்பேரவையின் இணையதளத்திலும் அரசிதழிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. காரண விளக்கத்தோடு, செலவு ஏற்படும் மசோதாவாக இருந்தால் நிதி பற்றிய குறிப்பும், விதிகள் வகுக்கும் அதிகாரத்தை அரசு தன் கையில் வைத்துக்கொண்டால் அதைப் பற்றிய குறிப்பும் இருக்கும். இந்தக் கடைசிக் குறிப்பைத் தவறவிடாதீர்கள். சட்டத்தில் சொல்லாமல் பிறகு அரசாணையாக வரப்போகும் விஷயங்கள் எவை என்று அதில்தான் தெரியும்.

நேரம் குறைவு. நம் பேரவையில் ஒரு மசோதா தாக்கலாகி அதே கூட்டத்தொடரில், சில நேரம் ஓரிரு நாளிலேயே நிறைவேறிவிடுகிறது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்படுவது அபூர்வம். ஆகவே நகர ஜமாஅத்துகளில் ஒரு வழக்கறிஞரும் ஓர் ஆலிமும் ஓர் ஆசிரியருமாக மூன்று பேர், பேரவை நடக்கும் நாட்களில் தாக்கலாகும் மசோதாக்களின் பட்டியலைப் பார்ப்பதை வழக்கமாக்கினால் நல்லது. மூவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. திருமணம், ஜீவனாம்சம், கல்வி பற்றிய மசோதாக்களில் முதலில் பாதிக்கப்படுவதும் பயன்பெறுவதும் அவர்களே. சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மிக வேண்டாம். காரண விளக்கத்தின் எந்தப் பத்தி, அதில் எந்தத் தகவல் தவறு அல்லது போதாது, எந்தப் பிரிவு காரணத்தைத் தாண்டிப் போகிறது, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்று இருந்தால் அவர் பேரவையில் எழுந்து வாசிக்க வசதியாக இருக்கும். அவை அந்தப் பேச்சைப் பதிவு செய்யும். பிற்காலத்தில் வழக்கு வந்தால் அதுவும் ஓர் ஆவணம்.

மசோதா நிறைவேறி, ஒப்புதல் பெற்று, சட்டமாக அரசிதழில் வரும்போது இந்தக் காரண விளக்கம் அதில் இருக்காது. கடையில் வாங்கும் சட்டப் புத்தகத்திலும் பெரும்பாலும் கிடைக்காது. தாக்கலான வாரமே மசோதாவை அச்செடுத்து, ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் பதிவேடு வைக்கும் அலமாரியிலேயே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மேலட்டையில் மசோதா எண், தாக்கலான தேதி, நிறைவேறிய தேதி, நாம் கடிதம் அனுப்பிய தேதி ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். கடிதத்தின் நகலும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் அதே கோப்பில் இருக்கட்டும்.